கென்னி கிர்க்லாண்ட் வாசிக்கும்போது

கல்லூரி விடுதியில் பக்கத்து அறையில் இருந்த அண்ணன் ஒருவர், படிப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்று டிடிகே 90, தொண்ணூறு நிமிட நாடா. ஏ பக்கம் முழுக்க வேறு ஏதோ குழுவின் பாட்டுகள், கடைசியில் மிச்சமிருந்த ஏழெட்டு நிமிட நாடாவை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள், உறையில் அதற்கு நேராகப் பால்பாயிண்ட் பேனாவில் 'ஸ்டிங் லைவ்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாதிப் பாட்டில் பாடகர் நிறுத்திக்கொள்வார். பியானோ ஆரம்பிக்கும். முதலில் சாதாரணமாகத்தான் இருக்கும், அப்புறம் ஏறும், இன்னும் ஏறும், இதற்கு மேல் எங்கே போகப் போகிறது என்று நான் கட்டிலில் எழுந்து உட்காரும் நேரத்தில் டக்கென்று நாடா முடிந்து பொத்தான் மேலே எழும்பிவிடும். ஒரு வருடம் முழுக்க அந்தப் பாதி பியானோவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வாசித்தவர் கென்னி கிர்க்லாண்ட் என்ற ஜாஸ் பியானோக்காரர் என்பதும், ஆங்கில ராக் பாடகர் ஸ்டிங்கின் 1986-ல் வந்த 'பிரிங் ஆன் தி நைட்' என்ற இரட்டை லைவ் ஆல்பத்தின் முதல் பாட்டு அது என்பதும், முழுசாக ஓடவிட்டால் பதினொரு நிமிடத்தைத் தாண்டும் என்பதும் பின்னால் தெரிந்தது. அதே பெயரில் ஒரு படமும் இருக்கிறது என்று தெரிந்து, டிவிடி கையில் கிடைத்து, அதைப் பார்த்து முடித்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ராக் கச்சேரிப் படங்கள் நிறைய இருக்கின்றன, இதைவிடப் பெரிய மேடை, பெரிய கூட்டம், பெரிய வெளிச்சம் எல்லாம் உண்டு. எனக்கு இதுதான்.

1985-ல் ஸ்டிங் எந்த இடத்தில் இருந்தார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் படத்தில் அவர் எதைப் பணயம் வைத்தார் என்பது பிடிபடாது. இங்கிலாந்தின் வடகிழக்கில் கப்பல் கட்டும் ஊரான வால்ஸெண்டில் பிறந்தவர், அப்பா பால்காரர், இவர் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே நியூகாஸில் பக்கம் ஜாஸ் குழுக்களில் பாஸ் கிட்டார் வாசித்தவர். அப்புறம் லண்டன், ஸ்டூவர்ட் கோப்லாண்டும் ஆண்டி சம்மர்ஸும் இவருமாக போலீஸ் என்ற மூவர் குழு. ஐந்து ஆல்பங்கள். 1983 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேர் முன்னால் வாசித்தார்கள். உலகத்தில் அன்றைக்கு அதைவிடப் பெரிய ராக் குழு எது என்று கேட்டால் யாருமே யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த உச்சியில் நிற்கும்போதுதான், 1984-ன் ஆரம்பத்தில் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு, இவர் விலகி நடந்தார்.

தனியாகப் போகிற பாடகர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி வாசிக்கிற நல்ல கைகளாகப் பார்த்து நாலு பேரை அமர்த்திக்கொள்வார்கள், வெளிச்சம் தன் மேல் விழ, அவர்கள் பின்னால் இருட்டில் நிற்பார்கள். ஸ்டிங் நியூயார்க் போய் ஜாஸ்காரர்களைத் தேடினார், அதுவும் எப்பேர்ப்பட்டவர்களை! சாக்ஸபோனுக்கு பிரான்ஃபோர்டு மார்ஸாலிஸ், வயது 24. கீபோர்டுக்கு கென்னி கிர்க்லாண்ட், 29. இரண்டு பேரும் பிரான்ஃபோர்டின் தம்பி, டிரம்பெட் வாசிக்கும் விண்டன் மார்ஸாலிஸின் குழுவில் இருந்தவர்கள். டிரம்ஸுக்கு வெதர் ரிப்போர்ட் என்ற பெயர்பெற்ற ஜாஸ் குழுவில் இருந்த ஓமர் ஹக்கீம், 26. பாஸ் கிட்டாருக்கு சிகாகோ பையன் டேரில் ஜோன்ஸ், 23 வயதுதான், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸிடம் வாசித்துக்கொண்டிருந்தவர். பின்னணிக் குரல்களுக்கு ஜானிஸ் பெண்டார்விஸ், டொலெட் மெக்டொனால்ட். டொலெட் மட்டும் போலீஸின் கடைசிப் பெரிய பயணத்தில் ஏற்கெனவே பாடியவர்.

அந்த டேரில் ஜோன்ஸ் விஷயத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஸ்டிங் யார்? பாஸ் கிட்டார்காரர். போலீஸின் பாட்டுகளைத் தாங்கிப் பிடித்ததே அந்த பாஸ்தான், மூன்றே பேர் கொண்ட குழுவில் கிட்டார் அங்கங்கே தெளித்துவிட்டுப் போகும், பாட்டின் எலும்பெல்லாம் பாஸில் இருக்கும். புதுக் குழு என்றதும் தன் சொந்த வாத்தியத்தைத் தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன் கையில் கொடுத்துவிட்டு, தனக்கு அவ்வளவாகப் பெயர் இல்லாத கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் கல்லூரி மெல்லிசைக் குழுவில் மூன்று வருடம் கீபோர்டு வாசித்தவன். ஒருநாள் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது என் இடத்தில் ஜூனியர் ஒருவன் உட்கார்ந்து வாசித்ததைக் கூட்டத்தில் நின்று கேட்டேன், என் கை வாசிக்க வேண்டியதை அவன் கை வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஸ்டிங் அதை ஒவ்வொரு பாட்டிலும், ஒவ்வொரு ஊரிலும், தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் ஆல்பத்தின் பெயர் 'தி ட்ரீம் ஆஃப் தி ப்ளூ டர்ட்டில்ஸ்', நீல ஆமைகளின் கனவு. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கனவு, அவருடைய தோட்டம், ஒழுங்காகச் செதுக்கி வைத்த தோட்டம், சுவரை உடைத்துக்கொண்டு பெரிய பெரிய நீல ஆமைகள் உள்ளே வந்து குட்டிக்கரணம் அடித்துத் தோட்டத்தையே கிளறிப் போட்டுவிடுகின்றன. அந்த ஆமைகள் இந்த வாத்தியக்காரர்கள்தான் என்று அவருக்குப் புரிந்ததாம். தோட்டம் நாசமானதில் அவருக்கு வருத்தமில்லை, அதை வேடிக்கை பார்ப்பது பிடித்திருந்தது என்றும் சொல்கிறார்.

படத்தை இயக்கியவர் மைக்கேல் ஆப்டெட். சில குழந்தைகளை ஏழு வயதில் படம் பிடித்து, அப்புறம் ஏழு வருடத்துக்கு ஒருமுறை போய் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கிற பிரிட்டிஷ் ஆவணப்படத் தொடரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எடுத்தாரே, அவரேதான். மனிதர்கள் தங்களை மறந்து இருக்கும் நேரத்துக்காகப் பொறுத்திருக்கத் தெரிந்த ஆள். அதனால்தான் இந்தப் படத்தில் பெரும்பகுதி கச்சேரி இல்லை, ஒத்திகை. பாரிஸுக்கு வெளியே கூர்சோன் என்ற இடத்தில் ஒரு பழைய மாளிகை, உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள், அந்தக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயர்களையும் டிரம்ஸையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரி நின்று வாசிக்கிறார்கள்.

ஒத்திகை என்பது வெளியே இருப்பவர்களுக்கு எவ்வளவு அலுப்பான விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒரே எட்டு பார்களை, அதாவது எட்டுத் தாளச் சுற்றுகளை, இருபது தடவை வாசிப்பார்கள், யாராவது ஒருவர் தவறான இடத்தில் நுழைவார், எல்லாரும் நிறுத்துவார்கள், டீ வரும், மறுபடி முதலிலிருந்து. இந்தப் படத்தில் அந்த அலுப்பு ஒரு இடத்தில்கூட இல்லை, ஏனென்றால் ஆப்டெட் வாத்தியங்களைவிட முகங்களைத்தான் அதிகம் பார்க்கிறார். புது ஆட்கள் ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கிற அந்தப் பார்வை. நடுவில் பாட்டை விட்டுவிட்டு குகை மனிதர்கள் வருகிற பழைய அமெரிக்க கார்ட்டூன் தொடரின் தொடக்கப் பாட்டை எல்லாருமாகச் சேர்ந்து பாடி அடிக்கிற கூத்து. பிரான்ஃபோர்டு சும்மாவே இருக்க மாட்டார், எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். அந்த ஆல்பத்திலேயே ஒரு பாட்டு அப்படித்தான் ஆரம்பிக்கும், டிரம்ஸ் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும், பிரான்ஃபோர்டின் குரல் கேட்கும், "என்ன ஸ்ருதி? என்ன ஸ்ருதிங்க?" என்கிற மாதிரி. யாரும் சொல்ல மாட்டார்கள். பாட்டு கிளம்பிவிடும். அதை வெட்டாமல் ஆல்பத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேயே எனக்கு இந்தக் குழுவைப் பிடித்துப்போனது.

இந்தப் படத்தில் இன்னொரு விஷயம், இது ஒரு குழுவின் ஆரம்பம். கச்சேரிப் படம் என்று எடுத்தால் பெரும்பாலும் வெற்றிபெற்ற குழுவின் உச்சத்தையோ பிரிந்துபோகிற குழுவின் கடைசி இரவையோதான் எடுப்பார்கள், ஜனங்களுக்குப் பாட்டுகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும், கிட்டாரில் முதல் கார்டு, அதாவது முதல் சுரக்கூட்டு, விழுந்ததுமே அரங்கம் அலறும். இங்கே அது கிடையாது. ஆல்பம் கடைக்கு வந்தது 1985 ஜூன் மாதம். படத்தில் வருகிற கச்சேரி மே மாதக் கடைசியில், பாரிஸில் மொகதோர் என்ற பழைய நாடக அரங்கில் நடந்தது. எழுபதாயிரம் பேருக்கு வாசித்த மனிதர், பெரும்பாலும் யாருக்கும் தெரியாத பாட்டுகளை, அதிகம் பேர் சேர்ந்து பார்த்திராத குழுவை வைத்துக்கொண்டு வாசிக்கப் போகிறார், அதையும் கேமராவை வைத்துப் படம் பிடிக்கச் சொல்கிறார். சரிவராமல் போயிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும்.

காசு, பெயர் பற்றிய சங்கடத்தையும் படம் மறைக்கவில்லை. வாசிப்பவர்கள் எல்லாரும் தங்கள் துறையில் பெரிய கைகள், ஆனாலும் சுவரொட்டியில் இருப்பது ஸ்டிங்கின் பெயர் மட்டும். மேலாளர் மைல்ஸ் கோப்லாண்ட் (போலீஸில் டிரம்ஸ் வாசித்த ஸ்டூவர்ட்டின் அண்ணன்) ஒத்திகைக்கு வந்து மேடை உடைகளைப் பார்த்துவிட்டு உடை வடிவமைப்பாளர் கொலீன் ஆட்வுட்டிடம் சத்தம் போடுகிற காட்சி ஒன்று உண்டு. மங்கலாக இருக்கிறதாம், நட்சத்திரத்துக்கு உரிய பளபளப்பு இல்லையாம். அந்த அம்மா பின்னாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆஸ்கர் வாங்கியவர் என்று தெரிந்து பார்க்கும்போது அந்தக் காட்சி இன்னும் வலிக்கிறது. வாத்தியக்காரர்கள் ஒருவரோடொருவர் கலந்து தெரியும் அந்த நிறங்களில், யாரும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாத அந்த உடைகளில், அவர் இந்தக் குழுவைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேலாளர் தன் வேலையைச் செய்தார், அதையும் நான் குறை சொல்லவில்லை.

வெள்ளைக்காரப் பாடகர் ஒருவர், சுற்றி நிற்கிற வாத்தியக்காரர்களும் பாடகிகளும் எல்லாரும் கறுப்பின அமெரிக்கர்கள். இதை 1985-ன் கண்ணால் பார்க்க வேண்டும். அமெரிக்க வானொலியில் ராக் நிலையம் வேறு, கறுப்பர்களின் இசை போடும் நிலையம் வேறு என்று கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்த காலம். பாட்டு வீடியோக்களைப் போடும் எம்டிவி சேனல் ஆரம்பித்த புதிதில் கறுப்பினக் கலைஞர்களைக் காட்டுவதே அபூர்வம், 1983-ல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி எம்டிவியின் சொந்தப் பேட்டியிலேயே அவர்களிடம் முகத்துக்கு நேராக இதைக் கேட்டார். இந்தப் பக்கம் ஜாஸ் உலகத்திலும் கோபம். தன் குழுவின் இரண்டு தூண்களை ராக் பாடகர் ஒருவர் தூக்கிக்கொண்டு போனதில் விண்டன் மார்ஸாலிஸுக்குக் கடும் வருத்தம், அதை அவர் வெளியிலும் சொன்னார். 1984-ல் ஒரே வருடத்தில் ஜாஸுக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கும் சேர்த்து கிராமி என்ற பெரிய இசை விருதை வாங்கிய, ஜாஸின் மரபை உயிராக நினைத்த தம்பி. அண்ணன் ஊர் ஊராகப் பாப் பாட்டு வாசிக்கப் போகிறார். இரண்டு பேர் பக்கமும் எனக்கு நியாயம் தெரிகிறது, ஆனால் படத்தில் பிரான்ஃபோர்டு சொப்ரானோ சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் அவர் எதையும் விற்றுவிட்டு வந்த ஆள் மாதிரி இல்லை.

புதுப் பாட்டுகளில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ரஷ்யர்களைப் பற்றிய பாட்டு, ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரொகோஃபியேவின் மெட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் கட்டியது, நல்ல எண்ணம்தான், கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி எனக்குப் படும். ஆனால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய பாட்டு அப்படியில்லை. 1984 மார்ச்சில் தொடங்கிய பிரிட்டிஷ் சுரங்க வேலைநிறுத்தம் ஒரு வருடம் நீண்டு தோற்று முடிந்தது 1985 மார்ச்சில்தான், அந்தச் சூடு ஆறாத நேரம். பாடுகிறவரும் அந்த வடகிழக்குப் பக்கத்து ஆள். ஒரே சின்னச் சுரக் கோவை, அது மாறவே மாறாது, இயந்திரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், அதன்மேல் அவர் நிதானமாகப் பாடுவார். எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கத் தெரிந்த கைகள் இப்படி ஒன்றையே வாசித்துக்கொண்டு அடங்கி நிற்பது சாமானியமான காரியமில்லை, வாசித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

படத்தில் ஒரு பிரசவக் காட்சியும் வருகிறது. ஸ்டிங்கின் துணைவி ட்ரூடி ஸ்டைலர் அப்போது நிறைமாதம், கச்சேரியை ஒட்டி அந்த வாரத்திலேயே மகன் ஜேக் பிறந்தான், கேமரா அங்கேயும் போகிறது. இதை எதற்குக் காட்ட வேண்டும் என்று நிறையப் பேருக்கு எரிச்சல். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் கூச்சமாக இருந்தது, இப்போதும் அதைப் படத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

இனி அந்தப் பியானோவுக்கு வருகிறேன்.

பாட்டு உண்மையில் இரண்டு பாட்டு. 1979 போலீஸ் ஆல்பம் ஒன்றிலிருந்து 'பிரிங் ஆன் தி நைட்', அது அப்படியே 1980 ஆல்பத்தின் இன்னொரு பாட்டுக்குள் போய்ச் சேரும். அந்த இரண்டாவது பாட்டில் மொத்தமே சில கார்டுகள்தான், முதலிலிருந்து கடைசி வரை அதுவே சுற்றிச் சுற்றி வரும். போலீஸ் வாசிக்கும்போது அது ஒரு நல்ல விறுவிறுப்பான பாட்டு, அவ்வளவுதான். கென்னி கிர்க்லாண்ட் கையில் அந்தச் சுற்று ஒரு தாள ஆவர்த்தனம் மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்டிங் பாடி முடித்து மைக்கை விட்டு விலகுகிறார், கிட்டாரில் அந்தக் கார்டுகளை மட்டும் அளவாக வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் கச்சேரிகளின் தனி ஆவர்த்தனம்தான் ஞாபகம் வரும், மிருதங்கமும் கடமும் எடுத்துக்கொள்ள, பாடியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வாத்தியக்காரர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பாரே, அது. நல்ல பாடகருக்கு அந்த நேரம் ஓய்வு நேரம் இல்லை. அவர் தாளத்தைக் கையில் பிடித்திருப்பதால்தான் மற்றவர் எங்கே வேண்டுமானாலும் போய்வர முடிகிறது.

கென்னி முதலில் வலது கையால் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் போடுகிறார், நடுவில் இடம் விடுகிறார். ஓமர் ஹக்கீம் அந்த இடங்களைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார், உடனே பாய்ந்து நிரப்புவதில்லை. டேரில் ஜோன்ஸ் கீழே அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இடது கை கார்டுகள் அடிக்குக் குறுக்கே விழத் தொடங்குகின்றன, லத்தீன் அமெரிக்க இசையின் குதிப்பு உள்ளே வருகிறது, வலது கை ஒரே உருவத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி வைத்து வாசிக்கிறது, எங்கே சமம் விழும் என்று தெரியாமல் கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, ஹக்கீம் மிகச் சரியாக அந்த இடத்தில் வந்து சேர்கிறார். பாப் கச்சேரியில் இவ்வளவு நேரம் யாரும் பாடாமல் இருந்தால் கூட்டம் நெளியும். இங்கே கூட்டத்துக்குப் பாடகர் ஞாபகமே இல்லை.

மெல்லிசைக் குழு நாட்களில் நாங்கள் வாசித்த பாடகர் ஒருவர், இடையிசை நாலு பார் நீண்டுவிட்டால் போதும், ரசிகர்கள் பக்கம் சிரித்துக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கையை வெட்டி வெட்டிச் சைகை காட்டுவார், சீக்கிரம் முடி என்று. அந்தக் கை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தன் பெயரைப் போட்டு, தன் காசில் கூட்டிவந்த குழுவில், தன் படத்தில், தன் பாட்டின் நடுவில் ஒருவருக்கு இத்தனை இடம் விட்டுத் தானும் கூட வாசித்துக்கொண்டு நிற்கிற ஒரு பாடகரைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிவிடியை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன்.

அவர்கள் எல்லாரும் பிறகு எங்கெங்கோ போனார்கள். டேரில் ஜோன்ஸ் தொண்ணூறுகளிலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸுடன் வாசிக்கிறார். பிரான்ஃபோர்டு கொஞ்ச காலம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரவு நிகழ்ச்சி ஒன்றுக்கு இசைக்குழுத் தலைவராக இருந்துவிட்டு மறுபடி ஜாஸுக்கே வந்தார், கென்னி அவருடைய நால்வர் குழுவில் தொடர்ந்து வாசித்தார். படத்துக்கு கிராமி கிடைத்தது, லைவ் ஆல்பத்துக்கும் கிடைத்தது. கென்னி கிர்க்லாண்ட் 1998 நவம்பரில் இறந்தார், 43 வயது. தன் பெயரில் தலைவராக இருந்து அவர் வெளியிட்டது ஒரே ஒரு ஆல்பம். நான் அந்தப் பாதி கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்த வருடத்தில் அவர் உயிரோடு இருந்தார், எங்கேயோ ஒரு ஊரில் வாசித்துக்கொண்டிருந்தார், எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

போன வாரம் மறுபடி படத்தைப் போட்டேன். பக்கத்தில் என் மகள், பியானோ வகுப்புக்குப் போகிறவள், பத்து வயது. பாடகர் நிறுத்தியதும் "பாட்டு முடிஞ்சிருச்சாப்பா?" என்றாள். இல்லம்மா, கேளு என்றேன். வலது கை அந்த ஒரே உருவத்தைப் பிடித்து ஏறத் தொடங்கியபோது, இத்தனை வருடம் கழித்தும், பொத்தான் மேலே எழும்பப் போகிற அந்த டக் சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. வரவில்லை. கென்னி வாசித்துக்கொண்டே இருந்தார், மகள் மடியில் விரல்களை வைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.